குறைமாதக் குழந்தை வீட்டுக்கு வந்தாச்சு, இனி பால் எப்படி? – கேள்வி பதில்

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் கொடுப்பது பற்றி இன்று கேட்கலாம். மருந்து எழுதித் தர மாட்டேன், அது உங்கள் டாக்டர் வேலை. கேட்கும்போது எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, பிறந்தபோது எடை, இப்போதைய எடை மூன்றையும் எழுதிவிடுங்கள். "பாப்பா சின்னதா இருக்கு, என்ன பண்ணலாம்?" என்று மட்டும் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

திருப்பூரிலிருந்து ஒரு தாய்: 33 வாரத்தில் பிறந்தான். அப்போது 1.6 கிலோ, இப்போது 1.85. வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. மார்பில் போட்டால் ஐந்தே நிமிடத்தில் தூங்கிவிடுகிறான். "அழுதால் கொடு, தூங்குற பிள்ளையை எழுப்பாதே" என்கிறார் மாமியார். எவ்வளவு மி.லி. உள்ளே போக வேண்டும், சிஸ்டர்?

பதில்: விவரமாகக் கேட்டதற்கு முதலில் நன்றி. உங்கள் மாமியார் சொல்வது நிறைமாதப் பிள்ளைக்குச் சரி. உங்கள் மகன் இன்னும் வயிற்றுக்குள் இருந்திருக்க வேண்டியவன். பசித்தால் அழுவதற்குக்கூட அவனுக்குத் தெம்பு வேண்டும். அழட்டும் என்று காத்திருந்தால் இரண்டு வேளைப் பால் சத்தமில்லாமல் தப்பிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் சேர்த்து, நீங்கள்தான் எழுப்ப வேண்டும். போர்வையை விலக்கி, நாப்கினை மாற்றி, உள்ளங்காலைத் தடவுங்கள். தண்ணீர் தெளிக்க வேண்டாம், உடம்பு சில்லிட்டுவிடும்.

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்யும் திறன் கிட்டத்தட்ட 34 வாரத்தில்தான் கூடி வரும். அதன்பிறகும் சீக்கிரம் களைத்துப்போவார்கள். ஐந்து நிமிடத்தில் அவன் தூங்குவது வயிறு நிறைந்ததால் என்று நினைக்காதீர்கள். முகத்தைப் பாருங்கள். புருவம் உயர்ந்து, விரல்கள் விசிறி மாதிரி விரிந்து, கடைவாயில் பால் வழிந்தால் முடியவில்லை என்று பொருள். வயிறு நிறைந்த குழந்தையின் கை தளர்ந்து தொங்கும்.

இப்படிச் செய்யுங்கள். மார்பில் 15, 20 நிமிடம் போடுங்கள். உறிஞ்சுவது நிற்கும்போது மார்பை விரல்களால் மெல்ல அழுத்தினால் பால் வாயில் இறங்கும், மறுபடி விழுங்க ஆரம்பிப்பான். அதற்கு மேல் இழுக்க வேண்டாம். மீதியைப் பீய்ச்சி எடுத்துச் சங்கில் கொடுங்கள். மார்பும் சங்கும் சேர்ந்து அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் போனால் பாலில் கிடைக்கிற சக்தியெல்லாம் குடிக்கும் உழைப்பிலேயே கரைந்துவிடும்.

அளவு: பொதுவாக ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 150 முதல் 180 மி.லி. உங்கள் மகனுக்கு ஏறக்குறைய 300 மி.லி. ஒரு நாளைக்கு 12 வேளை என்றால் வேளைக்கு 25 மி.லி. எடை ஏற ஏற இதுவும் ஏறும். இதை வைத்துக்கொண்டு டாக்டரிடம் உங்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கரண்டியால் அளக்காதீர்கள், மருந்து மூடியோ சிரிஞ்சோ போதும். நேரடியாக எவ்வளவு குடித்தான் என்று தெரியாத வேளைகளுக்குச் சிறுநீர்தான் கணக்கு. 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது போக வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. கண் பரிசோதனை ஆகிவிட்டதா? 2 கிலோவுக்குக் குறைந்தோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்குப் பிறந்து நான்கு வாரத்துக்குள் விழித்திரையைப் பார்க்க வேண்டும். பால் நன்றாகக் குடிக்கிறதே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஓசூரிலிருந்து ஒரு தந்தை: 32 வாரம், 1.5 கிலோ, இப்போது 2.1. டிஜிட்டல் தராசு வாங்கித் தினமும் காலையும் மாலையும் எடை போடுகிறேன். நேற்று 20 கிராம் குறைந்திருந்தது. மனைவி அழுகிறாள். பால் பவுடர் சேர்க்கலாமா?

பதில்: தம்பி, அந்தத் தராசைப் பரணில் போடுங்கள். சிறுநீரும் மலமும் கழித்தாலே 20 கிராம் குறையும். வாரம் ஒரு முறை, அதே தராசில், துணியில்லாமல், பால் கொடுப்பதற்கு முன்பு போடுங்கள். இந்தப் பருவத்தில் ஒரு நாளைக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம், அதாவது வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் ஏறினால் நிம்மதியாக இருக்கலாம். தொடர்ந்து இரண்டு வாரம் அதற்குக் கீழே போனால் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் குறைமாதக் குழந்தைகளுக்கான வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்ப்பார். பவுடர் அதற்கப்புறம் பேச வேண்டிய விஷயம்.

கும்பகோணத்திலிருந்து ஒரு தாய்: 35 வாரம். எடை ஏறவே இல்லை மாதிரி இருக்கிறது.

பதில்: "மாதிரி" என்பதற்குப் பதில் சொல்ல முடியாது. எடை போட்டுவிட்டு வாருங்கள். மேலே ஓசூர் தம்பிக்குச் சொன்னதையும் படியுங்கள்.

விருதுநகரிலிருந்து ஒரு தாய்: 29 வாரம், 1.1 கிலோ. இப்போது 1.95. தாய்ப்பாலில் கலக்கச் சத்துப் பவுடர் பாக்கெட் கொடுத்தார்கள். தீர்ந்துவிட்டது. விலையும் அதிகம். நிறுத்தலாமா? இரும்புச் சத்து, வைட்டமின் டி சொட்டு மருந்தும் கொடுக்கிறேன், மலம் கறுப்பாகப் போகிறது.

பதில்: அந்தப் பாக்கெட் தாய்ப்பாலில் புரதம், கால்சியம், பாஸ்பரஸ் கூட்டுவதற்கு. 29 வாரக் குழந்தை, எலும்பு கட்டும் கடைசி மூன்று மாதத்தை வயிற்றுக்கு வெளியே கழிக்கிறது. அதை ஈடுகட்டத்தான் இது. பெரும்பாலும் 2 கிலோ வரை, அல்லது முழுக்க மார்பிலேயே குடிக்கும் வரை கொடுக்கச் சொல்வார்கள். நீங்கள் கரையை நெருங்கிவிட்டீர்கள். ஆனாலும் பாக்கெட் தீர்ந்துவிட்டது என்பதற்காக நிறுத்தக் கூடாது, நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு நிறுத்துங்கள். மறுபடி வாங்கினால் ஒரு பாக்கெட்டை எத்தனை மி.லி. பாலில் கலக்க வேண்டும் என்று உறையில் பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

மலம் கறுப்பாவது இரும்புச் சத்தால். பயமில்லை. சிவப்பாகப் போனால்தான் ஓட வேண்டும்.

நான் பயப்படுவது சொட்டு மருந்துக்கு. எல்லோரும் கேளுங்கள், இதைப் பல முறை சொல்லப் போகிறேன். வைட்டமின் டி ஒரு மி.லி.யில் 400 யூனிட் உள்ள பாட்டிலும் கடையில் உண்டு, 800 உள்ளதும் உண்டு. இரும்புச் சத்துச் சொட்டும் அப்படித்தான். பழைய பாட்டில் தீர்ந்ததும் மருந்துக் கடையில் "அதே மருந்துதான், வேற கம்பெனி" என்று தருவார்கள். நீங்கள் பழையபடி ஒரு மி.லி. கொடுப்பீர்கள், உள்ளே இரட்டிப்பாகப் போகும். பழைய பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் எழுத்தை ஒப்பிட்டு வாங்குங்கள்.

சேலத்திலிருந்து ஒரு தாய்: 34 வாரம், 1.9, இப்போது 2.4. கிரைப் வாட்டர் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம்.

நாமக்கல்லிலிருந்து ஒரு பாட்டி: பேத்தி 30 வாரத்தில் பிறந்தாள், 1.2 கிலோ. இப்போது 4.6. ஆறு மாதம் முடியப் போகிறது. முளைகட்டிய ராகிப்பால் காய்ச்சிக் கொடுக்கலாமா?

பதில்: அம்மா, உங்கள் பேத்திக்கு இரண்டு வயதுகள். காலண்டரில் ஆறு மாதம். பத்து வாரம் முந்திப் பிறந்ததால் அதைக் கழித்தால் மூன்றரை மாதம்தான் ஆகிறது. வளர்ச்சியை எல்லாம் இந்த இரண்டாவது வயதை வைத்துத்தான் பார்க்க வேண்டும், இரண்டு வயது ஆகும்வரை. எதிர் வீட்டுப் பிள்ளை குப்புற விழுகிறது, இவள் விழவில்லையே என்ற கவலைக்கும் இதே பதில்தான்.

உணவு தொடங்கக் கணக்கோடு உடம்பையும் பார்க்க வேண்டும். தாங்கிப் பிடித்து உட்கார வைத்தால் தலை நிற்கிறதா? கரண்டியைக் கண்டால் வாயைத் திறக்கிறாளா? நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்கிறாளா? இவை வருவதற்கு இன்னும் கொஞ்ச காலம் ஆகும். அடுத்த முறை தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டரிடம் கேட்டுத் தேதி குறித்துக்கொள்ளுங்கள். தொடங்கும்போது ராகி நல்ல தேர்வுதான், ஆனால் பால் மாதிரி நீர்க்கக் காய்ச்சாதீர்கள். சின்ன வயிறு தண்ணீரால் நிறைந்துவிடும். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத கெட்டியில், வடிகட்டிய ராகிக் கூழ், அப்புறம் மசித்த பருப்பு சாதத்தில் ஒரு சொட்டு நெய். தேன் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூட வேண்டாம்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு தாய்: பால் பீய்ச்சி வைத்தால் எவ்வளவு நேரம் தாங்கும்? எங்கள் ஊரில் கரண்ட் போய்ப் போய் வரும்.

பதில்: வெளியே வைத்தால் நான்கு மணி நேரம் என்பது கணக்கு. நம் ஊர் சித்திரை வெயிலில் நான் மூன்றோடு நிறுத்திக்கொள்வேன். ஃபிரிட்ஜில் கதவு அடுக்கில் வைக்காமல் உள்ளே பின்புறம் வைத்து 24 மணி நேரத்தில் தீர்த்துவிடுங்கள். நிறைமாதக் குழந்தைக்கு இன்னும் அதிக நேரம் சொல்வார்கள், குறைமாதத்துக்குக் கொஞ்சம் கறாராக இருப்பது நல்லது. கரண்ட் நீண்ட நேரம் போயிருந்தால் கொட்டிவிடுங்கள், மனசு வலிக்கும்தான். ஒரு வேளைக்கான அளவில் சின்னச் சின்ன எவர்சில்வர் கிண்ணங்களில் மூடிவைத்தால் வீணாவது குறையும். சுடவைக்க அடுப்போ மைக்ரோவேவோ கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்தால் போதும். குடித்து மிச்சம் வைத்ததை அடுத்த வேளைக்கு எடுக்காதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு தாய்: எல்லோருக்கும் சங்கு என்கிறீர்கள். என் மகன் 31 வாரம். இங்கே மருத்துவமனையிலேயே நிப்பிள் பாட்டில்தான் பழக்கினார்கள். இப்போது 3 கிலோ, நன்றாக இருக்கிறான். சங்கில் பாதி சிந்துகிறது. வேலைக்குப் போகும் அம்மாவுக்கு இதெல்லாம் நடக்குமா?

பதில்: பாட்டிலில் வளர்ந்த குழந்தைகள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், அதை விஷம் என்று நான் சொல்லவில்லை. அங்கே மெதுவாக வரும் நிப்பிள், குழந்தையை ஒருக்களித்துப் பிடித்து இடைவெளி விட்டுக் கொடுக்கும் முறை, ஸ்டெரிலைசர் எல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இங்கே பலர் நிப்பிள் ஓட்டையைச் சூடான ஊசியால் பெரிதாக்கிவிட்டுக் கொடுக்கிறார்கள். பால் கொட்டும், குழந்தைக்கு நிறுத்தத் தெரியாது, புரை ஏறும். நிப்பிளின் மடிப்பில் தங்கும் பால் நம் வெயிலில் சீக்கிரமே கெட்டுவிடும். சங்கைச் சோப்புப் போட்டுக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்தால் கிருமி ஒளிந்துகொள்ள இடமே இல்லை. பாட்டில் தவிர்த்த குறைமாதக் குழந்தைகள் தாய்ப்பாலில் நிலைப்பதும் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சிந்தும் என்பது உண்மை. சிந்தியதைக் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

காரைக்குடியிலிருந்து ஒரு பாட்டி: நல்லாச் சொன்னீங்க. நாங்க எல்லாம் சங்குதான். காலை நீட்டிப் பிள்ளையைப் போட்டு, சங்கை வாயில வச்சு, மூக்கை லேசாப் பிடிச்சா மடக் மடக்குன்னு இறங்கிரும்.

பதில்: ஆத்தா, என் கட்சிக்காரர் மாதிரி வந்து என்னையே தோற்கடிக்கிறீர்களே! மூக்கைப் பிடிக்கவே கூடாது. மூச்சுக்காக வாயைத் திறக்கும் குழந்தைக்குள் பால் நுரையீரலுக்கு இறங்கும். படுக்கவைத்தும் ஊற்றக் கூடாது.

சங்கு பிடிக்கும் முறை இது. குழந்தையைத் துணியில் சுற்றி, மடியில் நிமிர்ந்த வாக்கில் உட்காரவைத்து, தலையும் கழுத்தும் உங்கள் கையில் இருக்க வேண்டும். சங்கில் பாதிதான் பால். சங்கின் மூக்கு நுனி குழந்தையின் கீழுதட்டின் ஓரத்தில் தொட்டுக்கொண்டிருக்கட்டும். பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாயுங்கள். நாக்கு வெளியே வந்து நக்கும், அப்புறம் விழுங்கும். தொண்டை அசைவதைப் பார்த்த பிறகே அடுத்த சாய்ப்பு. ஊற்றுவது உங்கள் வேலை கிடையாது, எடுத்துக்கொள்வது குழந்தையின் வேலை.

மதுரையிலிருந்து ஒருவர்: பாட்டில் விற்பதே சட்டப்படி குற்றம். 1992 சட்டம் இருக்கிறது. சிங்கப்பூர் அம்மா அதை இங்கே பரப்ப வேண்டாம்.

சிங்கப்பூரிலிருந்து அதே தாய்: நான் எதையும் பரப்பவில்லை ஐயா. பால் பீய்ச்சி உங்களுக்குப் பழக்கமா?

பதில்: ஐயா, சட்டத்தைப் பாதி படித்திருக்கிறீர்கள். 1992 சட்டமும் 2003 திருத்தமும் பால் பவுடர், பாட்டில், இரண்டு வயது வரையிலான குழந்தை உணவு இவற்றுக்கு விளம்பரம் செய்வதையும், இலவச மாதிரி கொடுப்பதையும் தடுக்கின்றன. விற்பதையோ வாங்குவதையோ தடுக்கவில்லை. ஒரு தாய் தன் அனுபவத்தைச் சொல்வது விளம்பரம் ஆகாது. அம்மா, அவர் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கிறேன், நீங்கள் கோபப்படுவது நியாயம்.

காரைக்குடிப் பாட்டி: சரி, மூக்கைப் பிடிக்கல. ஆனா பாட்டிலும் வேணாம்.

மதுரைக்காரர்: நான் சொல்ல வந்தது என்னவென்றால்...

தருமபுரியிலிருந்து ஒரு தந்தை: 32 வாரம், 1.4, இப்போது 1.8. காலையிலிருந்து இரண்டு வேளை பால் குடிக்கவில்லை. கால் ஜில்லென்று இருக்கிறது, வயிறு உப்பி இறுகியிருக்கிறது. கிரைப் வாட்டர் கொடுக்கலாமா?

பதில்: எதுவும் கொடுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், இப்போதே. குழந்தையை அம்மாவின் வெறும் மார்போடு ஒட்டி, தொப்பி போட்டு, மேலே துணி போர்த்தி, பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருக்கட்டும். பதில் எழுத வேண்டாம், கிளம்புங்கள்.

மற்றவர்களும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வேளை தொடர்ந்து பால் மறுப்பது, கைகால் சில்லிடுவது அல்லது காய்ச்சல், வயிறு உப்பி இறுகுவது, பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், விலா உள்வாங்கும் மூச்சு, மூச்சு நின்று நின்று வருவது, உதடு நீலம். இதில் ஒன்று இருந்தாலும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. பாட்டில் சண்டையும் இத்துடன் முடிந்தது.

ஈரோட்டிலிருந்து ஒரு தாய்: தெருவில் கழுதைப்பால் கொண்டுவருகிறார்கள். ஒரு சங்கு கொடுத்தால் சளி பிடிக்காது, குரல் நன்றாக வரும் என்கிறார்கள். 34 வாரம், இப்போது 2.2.

பதில்: கழுதை தெருவோடு வரும், கண் முன்னே கறந்து கொடுப்பார்கள், அதனால் சுத்தம் என்று தோன்றும். காய்ச்சாத பால் அது. கறக்கிற கை, மடி, அந்தச் சங்கு எதுவும் கழுவப்பட்டிருக்காது. குறைமாதக் குழந்தைக்கு ஒரு கிருமி போதும். கொழுப்பும் அதில் மிகக் குறைவு, எடை ஏறவும் உதவாது. ஒரு வயது வரை பசும்பாலும் ஆட்டுப்பாலும் பிரதான பாலாக வேண்டாம். உரை மருந்து, வசம்பு, தொக்கம் எடுப்பது, உரம் எடுக்கிறேன் என்று சேலையில் போட்டு உருட்டுவது, மூக்கில் எண்ணெய் விடுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து இதுவே பதில். தனித்தனியாகக் கேட்காதீர்கள்.

கோவையிலிருந்து ஒரு தந்தை: தாய்ப்பால் இணையத்தில் விற்கிறார்கள். மனைவிக்குப் பால் குறைவு. வாங்கலாமா? 31 வாரம், 1.3, இப்போது 1.9.

பதில்: கூடாது. தாய்ப்பாலை வியாபாரமாக விற்க அனுமதி கிடையாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2024 மே மாதம் அறிவித்தது. யாருடைய பால், என்ன நோய், எத்தனை நாள் பழையது எதுவும் தெரியாது. தாய்ப்பால் வங்கி வேறு. தானம் கொடுக்கும் தாய்க்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலைப் பாஸ்டுரைஸ் செய்து, பணம் வாங்காமல் கொடுப்பார்கள். ஆசியாவின் முதல் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது, நம் அரசு மருத்துவமனைகளிலும் உண்டு. அங்கே முதல் உரிமை உள்நோயாளிகளாக இருக்கும் குழந்தைகளுக்கு.

மனைவிக்கு வருகிறேன். பால் சுரப்பது பால் வெளியேறுவதைப் பொறுத்தது. ஒரு நாளைக்கு எட்டு முறையாவது பீய்ச்ச வேண்டும், இரவில் ஒரு முறை கட்டாயம். உங்கள் பங்கு, குழந்தையை உங்கள் வெறும் மார்பில் வைத்துக்கொண்டு அவரைத் தூங்கவிடுவது. இதுதான் கங்காரு முறை. இதை 1978-ல் கொலம்பியாவின் போகோட்டாவில் தொடங்கியபோது இன்குபேட்டர் பற்றாக்குறைதான் காரணம். இப்போது உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொல்கிறது. அப்பாக்களுக்கும் மார்பு உண்டு.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு தாய்: பத்தியம் என்று பூண்டும் சுறாப் புட்டும்தான் தருகிறார்கள்.

பதில்: பூண்டு சரி. பெரிய மீன்களில் பாதரசம் சேரும், சுறாவுக்குப் பதில் மத்தியும் நெத்திலியும் சாப்பிடுங்கள். முட்டை, கீரை, பருப்பு எதையும் விடாதீர்கள். தண்ணீரை அளந்து கொடுத்தால் சொம்பை நீங்களே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலூரிலிருந்து ஒரு தந்தை: எந்தக் கம்பெனி பால் பவுடர் நல்லது?

பதில்: கம்பெனிப் பெயர் சொல்ல மாட்டேன். டாக்டர் எழுதியிருந்தால் அவர் எழுதியதுதான். டப்பா நாள் பட வரவேண்டும் என்று பவுடரைக் குறைத்துக் கலக்காதீர்கள். குழந்தைக்குத் தண்ணீர்தான் போகும். பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் கிடையாது, அதனால் கொதித்து இறக்கிய நீர் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்கும்போதே கலக்கி, பிறகு ஆறவைத்துக் கொடுங்கள்.

சேலத்திலிருந்து இன்னொரு தாய்: கிரைப் வாட்டர்...

பதில்: மேலே.

தருமபுரித் தந்தை: சேர்ந்துவிட்டோம். உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

பதில்: நல்லது. அம்மாவைப் பால் பீய்ச்சுவதை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். குழந்தைக்கு வாயில் கொடுக்காவிட்டாலும் சுரப்பு நிற்கக் கூடாது.

கடலூரிலிருந்து ஒரு தாய்: 31 வாரம், 1.4, இப்போது 2 கிலோ. பால் நன்றாகக் குடிக்கிறாள். முப்பதாம் நாளில் கண் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள், அது இந்த வாரம். தீட்டுக் கழிந்து நாற்பதுக்கு மேல் போகலாமா?

பதில்: கூடாது. நாளைக் காலையே போங்கள். விழித்திரைக் கோளாறு வெளியே தெரியாது, கண் பளிச்சென்றுதான் இருக்கும். தாமதித்தால் பார்வையே போகலாம். கண்ணை விரிக்கச் சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்க வைப்பார்கள். பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே பால் கொடுத்து முடித்துவிடுங்கள், வயிறு நிறைந்திருந்தால் அழுகையில் கக்கிவிடுவாள். பீய்ச்சிய பாலும் சுத்தமான சங்கும் பையில் இருக்கட்டும். அன்று மட்டும் கொஞ்சம் குறைவாகக் குடிக்கலாம். மறுநாளும் அப்படியே இருந்தால் டாக்டருக்குப் போன் போடுங்கள்.